வாசல் தெளிக்காவிட்டால் கதவைத் தட்டுவார்கள்

ஏலக்காய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பால் பாயசமா, கேசரியா, சாப்பாட்டுக்குப் பின் போடும் வெற்றிலைப் பாக்கா? எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வரும். அவருடைய புடவைத் தலைப்பு, தலையணை உறை, சுருக்குப்பை எல்லாவற்றிலும் ஏலக்காய் மணம் ஊறிக் கிடக்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்குகளில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷம் காய் பொறுக்கியவர். அந்தக் கூலியில்தான் என் கணவரைப் படிக்க வைத்தார்.

மாமனார் காலமான பிறகு மாமியார் போடியில் தனியாகத்தான் இருக்கிறார். வயது எழுபத்து நாலு. போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் பலத்த அடி. செய்தி கேட்டதிலிருந்து என் கணவருக்குத் தூக்கமே இல்லை. "இனிமே ஒரு நாள்கூட அம்மாவைத் தனியா விட முடியாது. நீ போய்க் கையோட கூட்டிட்டு வந்துடு" என்றார். பெரிய பெட்டி ஒன்றைக் காலியாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தையின் துணிமணிகளை அதில் அடுக்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

பெட்டி திரும்பி வந்தது. அத்தை வரவில்லை. ஏன் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மூன்று பக்கமும் மலை

போடிக்கு ரயிலில் போவதே ஒரு சுகம். மதுரையிலிருந்து போடிக்கு இருந்த மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்கு ரயிலே இல்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும் வந்தது; 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் போடியை எட்டியது. அன்றைக்கே சென்னையிலிருந்து நேரடி ரயிலும் தொடங்கியது. உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயை ரயில் கடக்கும்போது காற்றே வேறு மாதிரி ஆகிவிடும். தேனி வந்ததும் ஜன்னலுக்கு வெளியே நீல மலை தொடர்ந்து கூடவே வரும். கடைசி ஸ்டேஷன் போடி. அதற்கப்புறம் ரயில் போக வழியில்லை. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது.

ஊரை ஏலக்காய் நகரம் என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள். மலைக்கு இந்தப் பக்கம் வியாபாரம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் ஒன்று, போடியில் ஒன்று. ஏலக்காய்க்கு ஏலம்! கடைத்தெருவில் நடந்தாலே மூக்கு சொல்லிவிடும், எந்தக் கதவுக்குப் பின்னால் மூட்டை இருக்கிறதென்று.

அத்தையின் வீடு சின்ன வீடு. ஓட்டுச் சாய்ப்பு, முன்னால் ஒரு திண்ணை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அந்தத் திண்ணையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். நடுவில் அத்தை, இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார்.

"வாத்தா, வா! ரயில்லயா வந்த? இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்கு?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெட்டியைப் பார்த்த மற்ற நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆறரை மணிச் சட்டம்

அன்று ராத்திரிதான் அத்தை விழுந்த கதையை முழுசாகக் கேட்டேன். அதைச் சொன்னது அத்தை இல்லை, எதிர்வீட்டு டீச்சரம்மா. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

அந்தத் தெருவில் தனியாக இருக்கும் வயதான பெண்கள் ஐந்து பேர். டீச்சரம்மா, மேலவீட்டு மதினி, பாய் வீட்டம்மா, பூ கட்டும் அக்கா, என் அத்தை. யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் அவர்களுக்குள் இருக்கிறது. காலை ஆறரை மணிக்குள் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். கோலம் போடுகிறவர்கள் போடட்டும். பாய் வீட்டம்மாவுக்குத் தண்ணீர் மட்டும் போதும். "ஆறரைக்கு ஒரு வாசல் காஞ்சு கெடந்தா, உள்ளே ஏதோ சரியில்லன்னு அர்த்தம். போய்க் கதவைத் தட்டிருவோம்" என்றார் டீச்சரம்மா.

அன்றைக்கு அத்தை விழுந்தது ஆறு மணி சுமாருக்கு. ஆறரைக்கு மேலவீட்டு மதினி வந்து தட்டியிருக்கிறார். பதில் இல்லை. பூக்கார அக்காவிடம் மாற்றுச் சாவி. ஏழு மணிக்கு அத்தை கட்டிலில் படுத்திருந்தார், ஏழரைக்கு ஆஸ்பத்திரியில். சென்னையில் எங்களுக்குத் தகவல் வந்தபோது எக்ஸ்ரே எடுத்து முடித்துவிட்டார்கள்!

இதைக் கேட்டதும் எனக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எட்டு மாதம் சென்னையில்

மாமனார் போன கையோடு அத்தையைச் சென்னைக்கு அழைத்து வந்திருந்தோம். நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு. தனி அறை, மின்விசிறி, டி.வி. எதற்கும் குறைவில்லை. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மணி ஆகும். பையன் கல்லூரி விடுதியில். அத்தை பால்கனியில் உட்கார்ந்து பஸ் எண்ணுவார்.

ஒரு நாள் மத்தியானம் தலைசுற்றிக் கூடத்தில் விழுந்திருக்கிறார். நான் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர்தான். ஆனால் அந்த வீட்டம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக அதே மாடி!

அந்த எட்டு மாதத்தில் அத்தை ஆறு கிலோ இளைத்தார். ஒரு வேளையாக இருந்த ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வேளையானது. தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது. சோதனைகள் எல்லாம் செய்தோம். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குத்தா. பேச்சுத்தான் இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு அப்போது அது குறையாகப் படவில்லை. வயதானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அடுக்களையில் ஒரு தட்டு. என் டப்பாவிலிருந்த ஏலக்காயையெல்லாம் கொட்டி, பெருசு, நடுத்தரம், பொடிசு, வெடித்தது என்று நாலு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். ஐம்பது கிராம் ஏலக்காய்! அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் டிக்கெட் எடுத்தார். போடிக்குப் போய் ஆறு மாதத்தில் அத்தை பழையபடி சாப்பிட ஆரம்பித்தார். தூக்க மாத்திரையை டாக்டரம்மாவே படிப்படியாக நிறுத்திவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் பெட்டியோடு வந்து நிற்கிறேன், பாருங்கள்!

கை வேலை, வாய்ப் பேச்சு

மறுநாள் அத்தை என்னைத் தான் வேலை பார்த்த இடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். மெல்ல நடந்தோம். வேலையை விட்டு ஏழு வருஷம் ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிடுவாராம்.

உள்ளே வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பச்சைக் குவியல், மடியில் சொளகு. பெரிய காயையும் சின்னக் காயையும் சல்லடை பிரித்துவிடும். மில்லிமீட்டர் கணக்குத்தான் விலை. எட்டு மில்லிக்கு மேற்பட்ட காய்க்கு மவுசு அதிகம். ஆனால் வெளிறியது, வெடித்தது, பூச்சி அரித்தது, காம்பு ஒட்டியது இவற்றைக் கண்ணும் கையும்தான் பிரிக்க வேண்டும். இப்போது நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. குனிந்த முதுகு, தூசி, சொற்பக் கூலி. சொகுசான வேலை என்று சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். இந்த வேலையில் கை ஓயாது, வாயும் ஓயாது. ஒருத்தி மகளின் பேறுகாலம், இன்னொருத்தியின் வட்டிக் கடன், யாருக்கோ சர்க்கரை ஏறியது, யார் வீட்டிலோ சண்டை. ஒரு கஷ்டத்தைச் சொன்னால் நாலு திசையிலிருந்தும் யோசனை வருகிறது. பாதி யோசனை உதவாதுதான். ஆனால் சொன்னவளின் முகம் தெளிந்துவிடுகிறது.

அத்தை ஒரு பழைய கதை சொன்னார். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் புருஷன் திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்தும் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. இவர்கள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நடுவில் உட்கார வைத்தார்களாம். "மூணு நாளு ஒரு வார்த்தை பேசல. நாங்களும் பேசச் சொல்லல. அவ பங்குக் காயையும் நாங்களே பொறுக்கிப் போட்டோம். நாலாம் நாளு தண்ணி கேட்டா. அப்புறம் சரியாப் போச்சு" என்றார்.

பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற வைத்தியத்தை இவர்கள் சொளகோடு உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பதினேழு கொண்டை ஊசி வளைவு

மேலவீட்டு மதினியின் மகள் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். "தோட்டம் பார்க்க வர்றீங்களா, அக்கா?" என்றாள். விடுவேனா?

விடிகிறதற்குள் ஜீப் வந்துவிட்டது. போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தினமும் இப்படிப் பெண்கள் மலையேறுகிறார்கள். முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஊர் கீழே சின்னதாகிக்கொண்டே போகிறது. காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. மெட்டில் நின்று பார்த்தால் தேனிப் பக்கத்துச் சமவெளி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அதற்கப்புறம் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டங்கள்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்கிறது. ஆனால் காய் தரையோரம்தான்! வேரடியிலிருந்து கிளம்பும் சரத்தில் காய்க்கிறது. அதனால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. அதனால் ஒரே செடிக்கு ஒரு மாதம், நாற்பது நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பறித்ததை ஸ்டோரில் மிதமான சூட்டில் பச்சை மாறாமல் உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும்.

மத்தியானம் நிழல் மரத்தடியில் பத்துப் பேர் தூக்குவாளியைத் திறந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, வெஞ்சனத்தை நடுவில் வைத்தார்கள். தன் வெஞ்சனத்தைத் தானே சாப்பிட்டவர் ஒருவர்கூட இல்லை. என் இலையில் மட்டும் ஆறு வகை!

அங்கேதான் 2020-ஆம் வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கொரோனாவுக்காக மார்ச் மாதம் ஊரடங்கு போட்டதும் எல்லை மூடப்பட்டது. ஜீப் ஓடவில்லை. அப்புறம் பாஸ் வாங்கித்தான் போகவேண்டும் என்றானது. வேலை பழையபடி நடக்க மாதக்கணக்கானது. "கூலி இல்லாமப் போனது பெரிய அடிதான் அக்கா. ரேசன் அரிசியில எப்படியோ ஓட்டுனோம். ஆனா இவளுகளப் பாக்காம இருந்தது இருக்கே... எனக்கு எதுக்கெடுத்தாலும் பிள்ளைகளை அடிக்கத் தோணிச்சு" என்றாள் ஒருத்தி. "எனக்குத் தலைவலியே போகல" என்றாள் இன்னொருத்தி. மறுபடி ஜீப் கிளம்பிய முதல் நாள் வளைவுகள் முடியும் வரைக்கும் ஒரே சமயத்தில் எல்லோரும் பேசினார்களாம். டிரைவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்!

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

'இதெல்லாம் மனசு சமாச்சாரம்; உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். ஆனால் டாக்டர்கள் இதை ஐம்பது அறுபது வருஷமாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமீடா என்ற பகுதியில் 1965-இல் சுமார் ஏழாயிரம் பேரைக் கணக்கெடுத்து ஒன்பது வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். லிசா பெர்க்மன், லெனர்ட் சைம் இருவரும் 1979-இல் முடிவை வெளியிட்டார்கள். உறவும் நட்பும் மிகக் குறைவாக இருந்தவர்கள், அவை நிறைய இருந்தவர்களைவிட அந்த ஒன்பது வருஷத்தில் இறந்துபோகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் பெண்களுக்குத்தான் ஆண்களைவிடக் கூடுதல்.

2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற பெண் பேராசிரியர் குழுவினர் இப்படிப்பட்ட 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல். நெருங்கிய உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

இன்னொன்று வேடிக்கையானது. 1997-இல் ஷெல்டன் கோஹன் என்பவர் ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு மருந்தாக விட்டார். எல்லோருக்கும் ஜலதோஷம் பிடிக்கவில்லை. குடும்பம், சிநேகிதம், அக்கம்பக்கம், வேலை செய்யும் இடம் என்று பலவகைப் பழக்கம் உள்ளவர்களுக்குக் குறைவாகவே பிடித்தது!

காரணம் என்ன? தனிமையை உடம்பு ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பதற்றச் சுரப்புகள் கூடுகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, உள்ளழற்சி அதிகமாகிறது. இது மாதக்கணக்கில் நீடித்தால் இதயமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. இதைத் தவிர, கூட இருக்கிறவர்கள் 'மாத்திரை போட்டியா?' என்று கேட்கிறார்கள், விழுந்தால் தூக்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், வருஷத்துக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரம் மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறது.

ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்து பாட்டியிடம் பேசிவிட்டுப் போகலாம். 'சிநேகித பெஞ்சு' என்று அதற்குப் பெயர். நல்ல பலன் இருப்பதாக 2016-இல் ஆய்வும் வெளிவந்தது. படித்தபோது எனக்கு அத்தை வீட்டுத் திண்ணைதான் கண்முன் நின்றது.

ஆனால் ஒன்று, சகோதரிகளே. பேச்சு மாத்திரைக்குப் பதில் இல்லை. போடித் திண்ணைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் வந்து ஐந்து பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2021-இல் ஆரம்பித்த திட்டம் அது. அவர் வரும் நாள் அங்கே ஒரு சின்னத் திருவிழா. யாருக்கு எண் குறைந்திருக்கிறது என்று போட்டியே நடக்கும்! மாத்திரையும் வேண்டும், திண்ணையும் வேண்டும். இன்னொன்றும் உண்டு: எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டமாகிவிடாது. தினமும் குத்திக் காட்டுகிற உறவு உடம்பையும் கெடுக்கும். எண்ணிக்கை பெரிதில்லை, நம்பிப் பேச ஓரிருவர் இருந்தாலும் போதும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

நாலாம் நாள் ராத்திரி என் கணவருக்கு போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டு அத்தை பக்கத்தில் வைத்தேன்.

"அம்மாவை விட்டுட்டா வரப்போறே?" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாகக் கேட்டது. "மறுபடி விழுந்தா? ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா? அப்போ யார் வாசலைப் பார்ப்பாங்க?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னையிலும் விழலாம். ஆனால் அங்கே நாங்கள் பக்கத்து அறையில் இருப்போம். அதை நான் மறுக்கவில்லை. இதில் லாபம் மட்டும் இருக்கிறது, நஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

"பெத்த தாயைத் தனியா விட்டுட்டான்னு ஊர்ல நாலு பேரு என்ன சொல்வாங்கம்மா?" என்றார் கடைசியில்.

அத்தை திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த நாலு பேருதாண்டா இங்க என்கூட உக்காந்திருக்காக. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக."

என் கணவர் போனிலேயே சிரித்துவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அத்தைதான் குரலைத் தணித்துக்கொண்டு, "நான் எந்திரிக்க முடியாமப் படுத்துட்டா வந்து கூட்டிட்டுப் போயிருப்பா. அப்ப மாட்டேன்னு சொல்ல மாட்டேன். நடக்கிற வரைக்கும் இங்கிட்டு இருந்துக்கிறேன்" என்றார்.

அதன்படியே முடிவானது. சும்மா விட்டுவிட்டு வரவில்லை. குளியலறைத் தரையை வழுக்காத கல்லாக மாற்றினோம். சுவரில் இரண்டு கைப்பிடி அடித்தோம். ராத்திரி எழுந்தால் இருட்டாக இல்லாமலிருக்க ஒரு சின்ன விளக்கு. தலைமாட்டில் பெரிய எண்கள் உள்ள போன். சுவரில் டீச்சரம்மா எண்ணும் 108-ம் கொட்டை எழுத்தில். ராத்திரி துணைக்கு மேலவீட்டு மதினியின் பேத்தி வந்து படுத்துக்கொள்கிறாள். அவள் படிக்க அத்தை வீட்டில்தான் அமைதி இருக்கிறதாம். மாதம் ஒரு தடவை நாங்கள் இருவரில் ஒருவர் போடிக்கு. அத்தை வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் சென்னைக்கு.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று இல்லை, 'உங்களுக்கு யார் வேணும்?' என்று. ஊரை விட்டு அழைத்து வந்தே ஆகவேண்டும் என்றால், புது இடத்தில் அவர்களுக்கு ஒரு கோயில் கூட்டமோ, பூங்கா பெஞ்சோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ கிடைக்க நீங்களே முதல் வாரத்தில் கூடப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். பழைய சிநேகிதிகளோடு தினம் பத்து நிமிஷம் போனில் பேசட்டும். நறுக்கவோ, உரிக்கவோ, கட்டவோ கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. வயதானவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெரிய பெட்டி காலியாகப் போகக்கூடாது என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். முருங்கைக்காய், பாய் வீட்டம்மா கொடுத்த பலகாரம், டீச்சரம்மா போட்ட ஊறுகாய், கால் கிலோ ஏலக்காய். ஏலக்காயை அவரே பிரித்து இரண்டு பொட்டலமாகக் கட்டியிருந்தார். "ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு. பேரு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

சென்னை வந்த அன்றே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலியை எடுக்காமல் பாதிக் கதவைத் திறந்து பார்த்தார் அந்த அம்மாள். என்னைவிட வயதில் மூத்தவர். 'ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பினார்' என்று பொட்டலத்தை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். சங்கிலி கழன்றது.

"உள்ளே வாங்க. டீ போடறேன்" என்றார். பெயரைக் கேட்டு அன்று ராத்திரியே அத்தைக்குச் சொல்லிவிட்டேன்.